கொழும்பின் குழாய்த் தண்ணீர்: மானி வரை ஒரு கதை, மானிக்குப் பின் வேறு கதை

உணவகத்தையோ கடையையோ மதிப்பிடுவதுபோல் ஒரு நகரத்தின் குழாய்த் தண்ணீரை மதிப்பிடுவதில் ஒரு சங்கடம் உண்டு. பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம் என்ற வசதி இங்கே இல்லை. கொழும்பில் குழாய்த் தண்ணீர் தருவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஒன்றுதான். ஆயினும் மாதந்தோறும் பணம் கட்டிப் பெறும் சேவை என்ற வகையில் அதன் தரத்தை எடைபோட நமக்கு உரிமை உண்டு. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளில் வாழும் நம்மவர் வீடுகளில், ஊரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ யார் வந்திறங்கினாலும் முதல் நாளே எழும் கேள்வி, "இந்தத் தண்ணியை அப்படியே குடிக்கலாமா?" என்பதுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலில் உள்ள, தண்ணீரை அளக்கும் மானி வரை வந்து சேரும் தண்ணீர், பெரும்பாலான நாட்களில் நம்பத்தக்கது. அந்த மானியைத் தாண்டிய பிறகு அது எங்கே தேங்குகிறது, எவ்வளவு காலம் தேங்குகிறது, அந்தத் தாங்கியை யார் கழுவுகிறார் என்பவைதான் குவளையில் விழும் தண்ணீரின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "கொழும்புத் தண்ணீர் நல்லது" என்பதும் "கொழும்புத் தண்ணீர் கூடாது" என்பதும் ஒரே அளவுக்குப் பொருளற்றவை.

லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்புக்குத் தண்ணீர் வரத் தொடங்கியது 1886 இல். காடு சூழ்ந்த நீரேந்துப் பகுதியில் பெய்யும் மழை வக் ஓயாவில் தேங்கி, அங்கிருந்து பம்பி ஏதுமின்றி உயர வேறுபாட்டினாலேயே இறங்கி மாளிகாகந்தவில் உள்ள தாங்கியை அடையும்படி ஆங்கிலேயர் அதை அமைத்தனர். பின்னர் அருகிலேயே கலட்டுவாவ நீர்த்தேக்கமும் சேர்ந்தது. இவ்விரண்டும் இன்றும் பயனில் உள்ளன. ஆனால் நகரம் பெருத்த வேகத்துக்கு அவை எப்போதோ போதாமற்போய்விட்டன. இன்று பெரும் பாரத்தைச் சுமப்பது களனி கங்கை. அதன் நீர் அம்பத்தலையிலும், வடகரைப் பகுதிகளுக்கென பியகமவிலும் சுத்திகரிக்கப்படுகிறது. ஆற்று நீரில் படிகாரம் கலக்கப்பட, கலங்கலுக்குக் காரணமான நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு தொட்டிகளின் அடியில் படிகின்றன; தெளிந்த நீர் மணற் படுக்கைகளினூடாக வடிக்கப்படுகிறது; சுண்ணாம்பு சேர்த்து அதன் அமிலத்தன்மை சீராக்கப்படுகிறது; கடைசியில் குளோரீன் சேர்க்கப்படுகிறது. புதுமை எதுவும் இல்லாத, உலகின் பல நகரங்கள் நூறாண்டாக நம்பியிருக்கும் முறைதான் இது. ஒழுங்காகச் செய்யப்பட்டால் போதுமானதும் கூட.

ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்பதைச் சொல்ல அளவுகோல் வேண்டும். இலங்கையில் குடிநீருக்கான தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 614; அதன் தற்போதைய வடிவம் 2013 இல் வந்தது. அதன்படி குடிநீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானம் 6.5 க்கும் 8.5 க்கும் இடையில் இருக்க வேண்டும். கலங்கல் 2 என்.டி.யூ. அலகைத் தாண்டக்கூடாது, மலக்கழிவின் அடையாளமாகிய ஈ.கோலை பக்றீரியா 100 மில்லிலீற்றர் நீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிகிற அளவில் கொழும்புத் தண்ணீர் இதில் நன்றாகவே தேறுகிறது. நிறமில்லை, வண்டல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அது மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் சில மாதங்களிலேயே கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு ஓடுபோல் இறுகிவிடுவதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, இங்கே ஆண்டுக்கணக்கில் பாவித்த கேத்தலும் சுத்தமாக இருப்பது ஒரு சிறு வியப்பு. சவர்க்காரம் நன்றாக நுரைக்கிறது. பருப்பு விரைவாக அவிகிறது. தேநீரின் நிறம் தெளிவாக இறங்குகிறது. தேநீர் விடயத்தில் மட்டும் நான் கொழும்பின் கட்சி.

அடிக்கடி கேட்கும் முறைப்பாடு குளோரீன் மணம். அது இல்லாத நாளில்தான் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து. சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமிகளை அழித்த பிறகும் குழாயில் வரும் வழியில் புதிதாக ஏதும் நுழைந்தால் அதையும் அழிப்பதற்காகவே எஞ்சிய குளோரீன் விடப்படுகிறது. நுகர்வோரை அடையும் இடத்திலும் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மணம் பிடிக்காதவர்கள் ஒரு பாத்திரத்தில் பிடித்து மூடாமல் சில மணிநேரம் வைத்தாலோ, கொதிக்க வைத்தாலோ அது போய்விடும். ஆனால் மணத்தோடு காவலும் போய்விடுகிறது. அவ்வாறு வைத்த தண்ணீரைப் பிறகு மூடிவைத்து அன்றே குடித்து முடிப்பது நல்லது.

குறைகளுக்கு வருவோம். முதற் குறை ஆற்றில் இருக்கிறது. ஒரு தலைநகரமே ஒரே ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து தண்ணீர் எடுப்பதில் உள்ள ஆபத்து வெளிப்படையானது. அவிசாவளையிலும் பியகமவிலும் உள்ள கைத்தொழில் வலயங்கள், கரையோர ஊர்கள், வாகனம் கழுவும் இடங்கள் என அம்பத்தலைக்கு மேலே கங்கையில் சேருபவை பல. 2015 ஆகஸ்டில் குளிர்பான ஆலை ஒன்றிலிருந்து டீசல் கசிந்து கங்கையில் கலந்தபோது, நீர் எடுப்பது தடைப்பட்டு கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் விநியோகம் பாதிக்கப்பட்டது. படிகாரமும் மணலும் குளோரீனும் சேற்றையும் கிருமியையும்தான் வெல்லும். எண்ணெயையோ கரைந்துள்ள இரசாயனத்தையோ அகற்றுவதற்கு அவை ஏற்பட்டவையல்ல. அந்த வகையில் பார்த்தால், விநியோகத்தை உடனே நிறுத்தியதைச் சேவைக் குறைபாடு என்று சொல்வதைவிடச் சரியான செயல் என்றே சொல்ல வேண்டும்.

ஆற்றின் இன்னொரு தொல்லை உப்பு. பல காலம் அளவுக்கு மீறி மணல் அள்ளப்பட்டதால் கங்கையின் அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே தாழ்ந்துவிட்டது. வறட்சியில் நீரோட்டம் குறையும்போது, மட்டக்குளி முகத்துவாரத்தினூடாக ஏறும் கடல்நீர், பாரம் கூடியதாகையால் ஆற்றின் அடிப்பகுதியில் ஊர்ந்து அம்பத்தலை வரை வந்துவிடுகிறது. இதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூடைகளை அடுக்கும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது; பின்னர் நிரந்தரத் தடுப்புக்கான வேலை நடந்தது. உப்பைச் சாதாரண சுத்திகரிப்பு நீக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. வறட்சிக் காலத்தில் தண்ணீர் சற்றே கரிப்பதாகத் தோன்றினால் அது கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. இரத்த அழுத்தமுள்ள முதியவர்கள் இருக்கும் வீடுகளில் அந்த அறிவித்தல்களைக் கவனிப்பது நல்லது.

இரண்டாவது குறை மண்ணுக்கடியில். நகரத்தின் சில குழாய்கள் நூறாண்டைக் கடந்த வார்ப்பிரும்புக் குழாய்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் அவற்றை மாற்றும் திட்டம் தொடங்கிய காலத்தில், கொழும்பு நகருக்குள் விடப்பட்ட தண்ணீரில் ஏறக்குறையப் பாதி கட்டணமாகத் திரும்பவில்லை. கசிவும் கணக்கில் வராத இணைப்புகளும் அதைத் தின்றன. கசிவு என்பது வீணாகும் தண்ணீர் மட்டுமன்று. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை வெடிப்பினூடாகத் தண்ணீர் வெளியே போகும். நீர்வெட்டின்போது அழுத்தம் இறங்கினால் அதே வெடிப்பினூடாக வெளியிலுள்ளது உள்ளே வரும். நகரின் கழிவுநீர்க் குழாய்களும் மிகப் பழையவை, அவையும் அதே தெருக்களின் அடியில்தான் ஓடுகின்றன என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். "கொழும்பு 1 முதல் 15 வரை நீர்வெட்டு" என்று செய்தி வரும் வார இறுதிகள் நமக்குப் பழக்கமானவை. நம்மில் பெரும்பாலோர் அப்போது வாளிகளை நிரப்புவதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். விநியோகம் மீண்ட முதல் மணிநேரத்தில் பழுப்பாகவோ பால்போலவோ வருவதை அப்படியே தாங்கிக்குள் ஏற விடுவதுதான் நாம் செய்யும் தவறு. பால் நிறம் வெறும் காற்றுக் குமிழிகள், சில நிமிடங்களில் தெளிந்துவிடும். பழுப்பு நிறம் குழாயின் உட்சுவரிலிருந்து பெயர்ந்த துரு. அதைத் திறந்து ஓடவிட்டு, தெளிந்த பிறகே தாங்கியின் வாயிலைத் திறக்க வேண்டும். பிரதான குழாயில் நேரடியாக மோட்டார் பூட்டி உறிஞ்சுகிறவர்கள் சிலர் உண்டு. அது தடைசெய்யப்பட்டது என்பதைவிட, தம் தெரு முழுவதற்கும் சாக்கடையை அழைக்கும் செயல் என்பது அவர்களுக்குப் புரிய வேண்டும்.

இனி, மானிக்குப் பின். கொழும்பின் தொடர்மாடிகளில் தண்ணீர் நேராகக் குழாய்க்கு வருவதில்லை. தரைமட்டத்தில் வாகனத் தரிப்பிடத்தின் ஓரமாக ஒரு நிலக்கீழ்த் தாங்கி. அங்கிருந்து மோட்டாரால் மொட்டைமாடித் தாங்கிக்கு. அங்கிருந்து கீழிறங்கி வீடுகளுக்கு. நல்ல தண்ணீர் கெட்டுப்போவதற்கு இதைவிடப் பொருத்தமான ஒழுங்கை யோசித்துச் செய்ய முடியாது. வெயிலில் சூடேறும் மொட்டைமாடித் தாங்கியில் எஞ்சிய குளோரீன் விரைவில் மறைந்துவிடுகிறது. அடியில் வண்டல் படிகிறது. அந்த வண்டலில் பக்றீரியா குடியேறுகிறது. மூடி ஒழுங்காகப் பொருந்தாத இடத்தினூடாகப் பல்லியும் கரப்பானும் போகின்றன. காற்றுக் குழாயில் வலை இல்லாவிட்டால் நுளம்பும் போகிறது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புக்குத் தெளிந்த, தேங்கிய நீர்தான் விருப்பம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்ப்பது இதனால்தான். நிலக்கீழ்த் தாங்கியின் நிலை இன்னும் மோசம். அதன் பக்கத்திலேயே கழிவுநீர்க் குழி இருக்கும். சுவரில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் வெளியே தெரியாது. பெருமழையில் தரிப்பிடம் நிறைந்தால் மூடியைத் தாண்டி வெள்ளம் உள்ளே இறங்கும்.

நான் வசிக்கும் கட்டடத்தில் தாங்கியைக் கழுவியது எப்போது என்று பராமரிப்புக் குழுவிடம் கேட்டபோது, மின்தூக்கிக்கு எவ்வளவு செலவு, காவலாளிக்கு எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் எழுதப்பட்ட கணக்குப் புத்தகத்தில் தாங்கிக்கு ஒரு வரியும் இருக்கவில்லை. ஒருவரும் கெட்ட எண்ணத்தில் விட்டதல்ல. மாதப் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிற எல்லாரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள். பிறகு கழுவும்போது மேலே போய்ப் பார்த்தேன். அடியில் இருந்த சேற்றை வர்ணித்து யாருடைய சாப்பாட்டையும் கெடுக்க விரும்பவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தாங்கியை முழுதாக வெறுமையாக்கி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, குளோரீன் கரைசல் இட்டுச் சில மணிநேரம் வைத்து, அதை வெளியேற்றிய பிறகே மீண்டும் நிரப்ப வேண்டும். சவர்க்காரம் போட்டு மேலோட்டமாக அலசிவிட்டு முழுக் கூலி கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே யாராவது ஒருவர் ஏறி நின்று பார்ப்பது அவசியம்.

வெள்ளவத்தைக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. இங்குள்ள வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் இலண்டனிலும் தொரண்டோவிலும் இருக்கிறார்கள். ஆடி ஆவணியில் வந்து சில வாரங்கள் தங்கிப் போகிறார்கள். ஆண்டின் மிச்ச மாதங்களில் அந்த வீட்டுக் குழாய்களில் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. வந்திறங்கிய களைப்பில் அதே குழாயைத் திறந்து கேத்தலை நிரப்பினால், குடிப்பது பல மாதம் ஊறிய தண்ணீரை. பயணப்பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எல்லாக் குழாய்களையும் சில நிமிடங்கள் ஓடவிடுவதும், குளிக்கும் பூத்தூவாயையும் அப்படியே சற்று விலகி நின்று ஓடவிடுவதும் செலவில்லாத காரியங்கள். வந்தவுடன் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்றால் உடனே "கொழும்புத் தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை" என்று சபையின் தலையில் பழியைப் போடுகிறோம். பல வேளைகளில் குற்றவாளி சொந்த வீட்டுக் குழாயோ, அன்று தெருவோரத்தில் வாங்கித் தின்ற அன்னாசித் துண்டோதான்.

சந்தேகம் இருந்தால் பரிசோதித்துப் பார்க்கலாம். சபையின் ஆய்வுகூடங்களிலும், பௌத்தாலோக மாவத்தையில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்திலும், பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலும் நீர் பரிசோதனை நடைபெறுகிறது. கிருமிப் பரிசோதனைக்கான மாதிரியை அவர்கள் தரும் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்துக் குளிர்நிலையில் விரைவாகக் கொண்டுசெல்ல வேண்டும். பழைய சோடாப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனால் தெரிய வருவது அந்தப் போத்தலின் சரித்திரம்தான். மாதிரி எடுப்பதிலும் ஒரு யோசனை தேவை. மானியை ஒட்டிய குழாயில் ஒன்றும், சமையலறைக் குழாயில் இன்னொன்றும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால், பிழை சபையினுடையதா நம்முடையதா என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும்.

வடிகட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முடியாது, ஏனெனில் கொழும்பில் தண்ணீரைப் பற்றிய பயத்தின் பெரும்பகுதி அவற்றை விற்பவர்களால் ஊட்டப்படுவது. வீடு தேடி வரும் விற்பனையாளர் மின்கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை நமது குழாய்த் தண்ணீருக்குள் விடுவார். சிறிது நேரத்தில் தண்ணீர் பழுப்பாகிச் சேறுபோல் திரளும். அவர் விற்கும் ஆர்.ஓ. வடிகட்டியில், அதாவது நுண்சவ்வினூடாக அழுத்திக் கனிமங்களை அகற்றும் வடிகட்டியில், வந்த தண்ணீரில் அதே கருவியை விட்டால் ஒன்றும் நடக்காது. பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா உடனே தவணைக் கட்டணத்தை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். நடந்தது இவ்வளவுதான்: குழாய்த் தண்ணீரில் இயல்பாக உள்ள கனிமங்களால் அதில் மின்சாரம் பாய்கிறது, அதனால் கருவியிலுள்ள இரும்பு மின்வாய் கரைந்து துருவாகிறது, கனிமங்கள் அகற்றப்பட்ட நீரில் மின்சாரம் அநேகமாகப் பாயாததால் இரும்பு கரைவதில்லை. அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வந்ததன்று, கருவியிலிருந்தே வந்தது. அடுத்து எடுக்கும் டி.டி.எஸ். மானியும் கரைந்துள்ள திண்மங்களைத்தான் அளக்கும். கிருமியை அதனால் காண முடியாது. களனி கங்கையின் மென்னீருக்கு ஆர்.ஓ. தேவையற்றது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அது ஒரு பகுதி நீரைச் சாக்கடைக்கு அனுப்பி, மீதியிலிருந்து நல்லதையும் சேர்த்தே உறிஞ்சிவிடுகிறது. மணம் பிடிக்காதவர்களுக்குக் கரி வடிகட்டி போதும்; தாங்கியில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குப் புறஊதாக் கதிர் கொண்ட கருவி உதவும். எதுவானாலும் உள்ளுறுப்பைக் குறித்த காலத்தில் மாற்றாவிட்டால், அந்த வடிகட்டியே கிருமிக்கு வீடாகிவிடும்.

போத்தல் தண்ணீர் இன்னொரு ஆறுதல். 2025 ஏப்ரலில் அரசு நிர்ணயித்த உச்ச விலையின்படி ஒரு லீற்றர் போத்தல் 100 ரூபா. அதே பணத்துக்குக் குழாய்த் தண்ணீர் பல நூறு லீற்றர் கிடைக்கும். பயணத்துக்கு வாங்குவதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் 19 லீற்றர் பெரிய போத்தலைக் கவிழ்த்து வைக்கும் இயந்திரத்தை வாங்கியவர்களில் எத்தனை பேர் அதன் உட்பகுதியைக் கழுவுகிறார்கள்? வெயிலில் லொறியில் நின்ற போத்தலும் கழுவாத இயந்திரமும் சேர்ந்தால், ஒழுங்காகக் கொதிக்க வைத்த குழாய்த் தண்ணீரை அது எந்த வகையிலும் வெல்லாது.

சேவை என்ற முறையில் மற்றவை சுருக்கமாக. முறைப்பாட்டுக்கும் தகவலுக்கும் 1939 என்ற இலக்கம் இருக்கிறது. கட்டணம் பாவனை அலகைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். ஓர் அலகு 1000 லீற்றர். 2022 இலும் 2023 இலும் கட்டணம் கடுமையாக உயர்ந்த பிறகும், ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் தண்ணீர் இன்னமும் மின்சாரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறது. எனக்கு ஒரே ஒரு ஆசை உண்டு: ஒவ்வொரு பகுதியிலும் அந்த மாதம் பரிசோதித்த எஞ்சிய குளோரீன், கலங்கல், ஈ.கோலை ஆகிய மூன்றின் முடிவும் கட்டணப் பட்டியலின் ஒரு மூலையில் அச்சிடப்பட வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் மின்கம்பிக் கருவியோடு வருபவருக்கு வாசலிலேயே பதில் சொல்லலாம்.

கொழும்பில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள், பல்கனியும் கடற்காற்றும் எப்படி என்று கேட்பதோடு, தாங்கியைக் கடைசியாகக் கழுவிய திகதியையும் கேளுங்கள். தாங்கிக்குப் போகாமல் பிரதான குழாயிலிருந்து நேராக வரும் குழாய் ஒன்று கட்டடத்தில் எங்காவது இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதிலிருந்தே பிடிக்கலாம். இல்லையென்றால் குடிக்கும் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்தில் ஆறவையுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கரைப்பதானால், நேர்க் குழாய்த் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்த பிறகே பாவியுங்கள்.